புள்ளியைக் கண்டதும் புட்டியைத் தேடாதீர்கள்

வீட்டில் பவளத் தொட்டி வைத்திருக்கும் அன்பர்களுக்கு,



பவளத்தில் புதிதாக ஒரு புள்ளி தெரிந்தால் முதலில் செய்ய வேண்டிய வேலை, தொட்டியின் நீல விளக்கை அணைப்பது. மருந்துப் புட்டி அப்புறம். எனக்கு வரும் படங்களில் முக்கால்வாசி நீல வெளிச்சத்தில் எடுத்தவை. பச்சையும் ஆரஞ்சும் பளபளவென்று மின்னும், பார்க்க அழகுதான். ஆனால் அந்தப் புள்ளி பழுப்பா வெள்ளையா, மேடா பள்ளமா, அதன்மேல் தோல் இருக்கிறதா போய்விட்டதா, எதுவும் தெரியாது. பவளத்தின் உடலில் உள்ள ஒளிரும் புரதங்கள் நீல ஒளியை வாங்கிப் பச்சையாகவும் சிவப்பாகவும் திருப்பி விடுகின்றன. நோயாளியின் முகத்தில் இத்தனை பூச்சைப் பூசி வைத்துக்கொண்டு நோயைக் கண்டுபிடிக்க முடியாது. படத்துக்குக் கீழே வழக்கமான கேள்வி ஒன்றும் இருக்கும்: “சார், என்ன மருந்து ஊத்தலாம்?”

அந்தக் கேள்விக்காகத்தான் இந்த மடல். பவளத்தில் தெரியும் புள்ளிகளில் பெரும்பாலானவற்றுக்கு மருந்தே வேண்டாம். வேண்டியவற்றுக்கும் ஒன்றுக்குக் கேட்கும் மருந்து இன்னொன்றுக்குக் கேட்காது. அக்ரோபோரா மேல் ஊரும் சிவப்புப் பூச்சியைக் கொல்ல, நாய்களுக்குக் கொடுக்கும் மில்பிமைசின் மாத்திரையைப் பொடித்துக் கரைப்பார்கள். பூச்சி சாகும், கூடவே இறாலும் நண்டும் சாகும். புள்ளிக்குக் காரணம் பூச்சியே இல்லை, போன வாரம் மாற்றிய புதிய விளக்கு என்றால், இறால்கள் செத்ததுதான் மிச்சம். கடலில் தப்பித்து ஓட இடமுண்டு. இருநூறு லிட்டர் கண்ணாடிப் பெட்டியில் ஏது?

வெள்ளை விளக்கைப் போட்டு, அலை எழுப்பும் பம்புகளை ஐந்து நிமிடம் நிறுத்துங்கள். தண்ணீர் அசையாமல் நின்றதும் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்துப் பாருங்கள். நகை வேலை செய்பவர்கள் கண்ணில் வைக்கும் லென்ஸே போதும். அப்போது உங்களை நீங்களே கேட்க வேண்டிய முதல் கேள்வி, புள்ளி இருக்கும் இடத்தில் தசை இருக்கிறதா என்பது.

வெளுப்பதும் தசை உரிவதும் தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே வெள்ளைதான். ஆனால் இரண்டும் வேறு. பவளத்தின் தசைக்குள் ஒற்றைச் செல் பாசிகள் குடியிருக்கின்றன. பழுப்பு நிறமும் பெரும்பங்கு உணவும் அவற்றால் வருபவை. வெப்பமோ வெளிச்சமோ அளவு மீறினால் பவளம் அவற்றை வெளியேற்றிவிடும். தசை கண்ணாடிபோல் ஆகி, அடியிலுள்ள சுண்ணாம்பு எலும்பு வெள்ளையாகத் தெரியும். 2016 கோடையில் மன்னார் வளைகுடாவில் பவளங்கள் வெளுத்தது இப்படித்தான். அந்த நிலையில் பவளம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. சூடு தணிந்தால் பாசியை மறுபடி சேர்த்துக்கொள்ளும். தசை உரிந்த இடம் அப்படியல்ல, வெறும் எலும்பு. லென்ஸில் பார்த்தால் வெளுத்த புள்ளியில் ஈரமான மினுமினுப்பும், குட்டிக் குட்டி உணர்விழைகளும் தெரியும். உரிந்த புள்ளியில் பாலிப் இருந்த குழிகளின் விளிம்புகள் கூராக, மொரமொரப்பாக நிற்கும். அப்படியும் சந்தேகமென்றால் நான்கைந்து நாள் பொறுங்கள். வெற்று எலும்பில் பழுப்பு, பச்சைப் பாசி படியத் தொடங்கிவிடும். உயிருள்ள தசையில் படியாது.

இரண்டாவது கேள்வி, புள்ளி நகர்கிறதா என்பது. சிரிக்காதீர்கள். மஷ்ரூம் பவளத்திலும் குமிழ்ப் பவளத்திலும் தெரியும் துருநிறப் புள்ளிகளில் கணிசமானவை உயிருள்ள தட்டைப்புழுக்கள். வாமினோவா என்ற இனம். இரண்டு முதல் ஐந்து மில்லிமீட்டர் இருக்கும். காகிதத்தை வெட்டி ஒட்டியதுபோல் பவளத்தோடு படிந்து கிடக்கும். சிலவற்றின் பின்முனையில் சிறு வெட்டு இருப்பதால் இதய வடிவம் தெரியும். ஊசி எடுத்த பெரிய சிரிஞ்சில் தொட்டி நீரை இழுத்து அந்த இடத்தில் மெல்லப் பீய்ச்சினால், ‘புள்ளி’யின் ஓரம் மடங்கி எழும்பும். பலமாகப் பீய்ச்சினால் கழன்று மிதக்கும். நகராத புள்ளி என்று நினைத்தாலும், காலையில் ஒரு படமும் மாலையில் ஒரு படமும் எடுத்து ஒப்பிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

இந்தப் புழுவின் கதை கொஞ்சம் சுவாரசியமானது. பவளத்தைப் போலவே இதன் உடலுக்குள்ளும் பாசிகள் குடியிருக்கின்றன. தாய்ப்புழு முட்டையிலேயே அந்தப் பாசியைக் குட்டிக்குக் கொடுத்தனுப்பி விடுகிறது. பவளத்தின் சதையை இது கடிப்பதில்லை, மேலே சுரக்கும் கோழையைத்தான் தின்கிறது. அதனால் ஒன்றிரண்டு இருந்தால் பவளம் பொருட்படுத்தாது. நூற்றுக்கணக்கில் போர்வைபோல் மூடிக்கொண்டால்தான் தொல்லை. வெளிச்சம் மறையும், தண்ணீரில் வரும் நுண்ணுயிரை உணர்விழை நீட்டிப் பிடிக்கவும் முடியாது. கேலக்ஸியா பவளத்தை வைத்துச் செய்த ஓர் ஆய்வில், புழு மூடிய பவளம் இரை பிடிப்பதில் பின்தங்குவதைப் பார்த்திருக்கிறார்கள். ஆகவே இதற்கு அவசரம் வேண்டாம். மெல்லிய குழாயால் உறிஞ்சி எடுங்கள், பவளத்தை வெளியே எடுத்து டிப் செய்யுங்கள் (மருந்து கலந்த தொட்டி நீரில் சற்று நேரம் முக்கி எடுப்பது), வாராவாரம் திரும்பச் செய்யுங்கள். தொட்டி முழுக்க மருந்து ஊற்றித்தான் ஆக வேண்டுமென்றால், அதற்கு முன் கண்ணில் பட்ட புழுவையெல்லாம் உறிஞ்சி எடுத்துவிட்டு, கார்பனைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். இதன் உறவான சிவப்புத் தட்டைப்புழுக்கள் கூட்டமாகச் செத்தால் உடலிலிருந்து கசியும் நஞ்சு மீன்களையே கொன்றுவிடும். புழுவால் நேராத சாவு மருந்தால் நேர்வது பெரும்பாலும் இப்படித்தான்.

அக்ரோபோரா வைத்திருப்பவர்கள் பயப்பட வேண்டியது வேறொரு தட்டைப்புழுவுக்கு. இது உண்மையாகவே பவளத்தைத் தின்னும். தின்ற பவளத்தின் பாசியும் நிறமும் இதன் உடலிலேயே தங்குவதால், கிளையின் மேல் படுத்திருக்கும்போது நேருக்கு நேர் பார்த்தாலும் தெரியாது. தெரிவது கடித்த தடம்தான்: ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் அகலத்தில், வட்டமாக, வெளிறிய புள்ளிகள். வெளிச்சம் படும் நுனியில் தேடிப் பயனில்லை. கிளையின் கீழ்ப்பாதியில், நிழல் விழும் பக்கத்தில், அடித்தண்டுக்கு அருகில் பாருங்கள். அடியில் தசை இல்லாத வெற்று எலும்பில் பொன்பழுப்பு நிறத்தில் மணல் ஒட்டியதுபோல் ஒரு திட்டு இருந்தால் அது முட்டை. அதைப் பார்த்துவிட்டால் மேற்கொண்டு சந்தேகப்பட ஒன்றுமில்லை.

டிப் செய்தால் புழு சுருண்டு விழும். முட்டைக்கு ஒன்றும் ஆகாது. நீரின் வெப்பத்தைப் பொறுத்துப் பத்து நாளிலிருந்து மூன்று வாரத்துக்குள் அவை பொரிக்கும். ஒரு தடவை டிப் செய்து, கீழே விழுந்த புழுக்களை எண்ணி மகிழ்ந்து, பவளத்தைத் திரும்ப வைப்பவர்கள் அடுத்த மாதமே அதே புள்ளிகளைப் பார்ப்பது இதனால்தான். முட்டைத் திட்டைக் கத்தி முனையால் சுரண்டி எடுங்கள். முடிந்தால் அந்த அடிக்கட்டையையே வெட்டி எறிந்துவிட்டுப் புதிய கட்டையில் ஒட்டுங்கள். ஆறேழு வாரம் விடாமல் வாரம் ஒருமுறை டிப் செய்யுங்கள். ஆறு கோட்டு ராஸ் மீன் இந்தப் புழுவைத் தேடிப் பிடித்துத் தின்னும். அதை உதவிக்கு வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதை மட்டும் நம்பி உட்காரக் கூடாது.

இந்தப் புழுவைப் பற்றி ஒரு தகவல் சொன்னால் நீங்கள் நிமிர்ந்து உட்காருவீர்கள். விஞ்ஞானிகள் இதற்குப் பெயர் வைத்து விவரித்தது 2011-இல், மீன்தொட்டிகளிலிருந்து எடுத்த புழுக்களைக் கொண்டு. ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில், இயற்கையான சூழலில் இதைக் கண்டதாக முதல் அறிக்கை வெளிவந்தது 2012-இல்தான். கடல் ஆய்வாளர்களுக்கு முன்பே, இரவில் டார்ச்சோடு கண்ணாடி முன் குந்தியிருந்த நம் போன்றவர்களுக்கு இது பழக்கமாகிவிட்டது. உற்றுப் பார்க்கும் கண்ணுக்கு அவ்வளவு மதிப்பு இருக்கிறது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அக்ரோபோரா மேல் அரை மில்லிமீட்டரில் மஞ்சள் உடலும் அதில் ஒரு சிவப்புப் புள்ளியுமாக ஊர்வது முன்பு சொன்ன சிவப்புப் பூச்சி. மான்டிபோராவின் ஓரமும் அடிப்பக்கமும் வெள்ளையாகத் தின்னப்பட்டு வந்தால், தட்டைத் திருப்பிப் பாருங்கள். முதுகில் முடிபோன்ற நீட்சிகளோடு வெள்ளை நிற ஓடில்லா நத்தை இருக்கும். ஜோவாக்கள் மூடியே கிடந்தால் தண்டுகளுக்கு இடையில் கடல் சிலந்தியையும், ஜோவாவின் நிறத்தையே பூசிக்கொண்ட நத்தையையும் தேடுங்கள். இவை எல்லாவற்றுக்கும் சிறந்த நேரம், விளக்கணைந்து ஒரு மணி நேரம் கழித்து. சிவப்புத்தாள் சுற்றிய டார்ச் போதும்.

எல்லாப் புள்ளியும் பவளத்துக்கு வெளியிலிருந்து வந்தது என்றும் நினைக்காதீர்கள். போரைட்டிஸ் இனத்தில் எங்கே உறுத்தல் ஏற்பட்டாலும் அந்த இடம் இளஞ்சிவப்பாகும். பாசி உரசினாலும், குழாய்ப்புழு துளைத்தாலும், பக்கத்துப் பவளம் கொட்டினாலும் அதே நிறம்தான். அது பவளத்தின் தற்காப்பு. அந்தச் சிவப்பைக் கரைக்க மருந்து தேடாதீர்கள், உறுத்துவது எது என்று தேடுங்கள். ஹவாய்த் தீவுகளில் இதில் ஓர் உச்சம் உண்டு. அங்கே ஓர் ஒட்டுண்ணிப் புழுவின் இளம்பருவம் போரைட்டிஸ் பாலிப்புக்குள் புகுந்து கூடு கட்டுகிறது. பாலிப் வீங்கி இளஞ்சிவப்பாகி, உள்ளே சுருங்கவும் முடியாமல் நிற்கிறது. அதைப் பார்த்ததும் வண்ணத்துப்பூச்சி மீன் ஆசையாகக் கொத்துகிறது. புழுவுக்கு வேண்டியதும் அதுவேதான், அதன் வளர்ந்த பருவம் வாழ்வது மீனின் குடலில். கொத்தித் தின்ற இடத்தில் பவளம் ஆரோக்கியமான பாலிப்பை மறுபடி வளர்த்துக்கொள்கிறது. புழு முதலில் தங்கும் நத்தை, பிறகு பவளம், மீன் என்று மூன்றும் இல்லாமல் இந்தச் சுழற்சி ஓடாது. அதனால் உங்கள் தொட்டியில் இளஞ்சிவப்பு வந்தால் ஹவாய் நோய் என்று பதறாதீர்கள். பக்கத்தில் என்ன வளர்கிறது என்று பாருங்கள்.

மீனின் மேல் சந்தேகம் இருந்தால் ஓர் எளிய சோதனை இருக்கிறது. பகலெல்லாம் மூடிக் கிடக்கும் பாலிப்புகள், விளக்கணைந்து மீன்கள் ஒதுங்கிய பிறகு நன்றாக விரிகின்றன என்றால் குற்றவாளி பெரும்பாலும் குள்ள ஏஞ்சல் மீன்தான். நன்றாகத் தீனி போடுகிறோமே, அது ஏன் கொத்தப்போகிறது என்று வாதாடாதீர்கள். கொத்தும்.

இனித் தண்ணீருக்கு வருகிறேன். உண்மையில் பாதிப் புள்ளிகளின் விலாசம் இதுதான். வெளிச்சம் நேராக விழும் மேற்பகுதி மட்டும் வெளிறினால் விளக்கைப் பாருங்கள். நுனிகள் மட்டும் கருகியதுபோல் தசை விட்டால் ஆல்கலினிட்டியைப் பாருங்கள். கடல்நீரில் இது சுமார் 7 டிகேஹெச். வீட்டுத் தொட்டியில் 7 முதல் 9 வரை எங்கே வைத்தாலும் சரி, அங்கேயே நிலையாக வையுங்கள். ஒரே நாளில் இரண்டு அலகு ஏறி இறங்குவதை அக்ரோபோரா மன்னிக்காது. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்ஜியத்தில் இருப்பதைப் பெருமையாகச் சொல்கிறவர்களின் தொட்டியில்தான் இந்த நுனிக் கருகலை அதிகம் பார்க்கிறேன். பட்டினி கிடக்கும் பவளத்தை வேகமாக எலும்பு கட்டச் சொன்னால் அது என்ன செய்யும்? அடியிலிருந்து மெல்ல மெல்லத் தசை விட்டால் நீரோட்டமும் நிழலும் காரணமாக இருக்கலாம், முட்டைத் திட்டும் இருக்கலாம். இரண்டையும் பாருங்கள்.

நம் வீடுகளுக்கே உரிய இரண்டு விஷயங்களும் உண்டு. சென்னை மே மாதத்தில் சில்லர் இல்லாமல் மின்விசிறியை வைத்துச் சூட்டைக் குறைப்பவர்கள், சூட்டை மட்டும் பார்த்துவிட்டு உப்பை மறந்துவிடுகிறார்கள். விசிறி வேகமாகத் தண்ணீரை ஆவியாக்கும், உப்பு ஏறும். காலையும் மாலையும் ஆர்ஓ தண்ணீரால் ஈடு செய்யாவிட்டால் 35 என்ற உப்பளவு எங்கோ போய்விடும். இரண்டாவது கொசுவிரட்டி. சுவரில் செருகும் திரவத்தில் இருப்பவை பைரித்ராய்டு வகை வேதிப்பொருள்கள், நீர்வாழ் கணுக்காலிகளுக்குக் கொடிய நஞ்சு. உங்கள் ஸ்கிம்மர் இரவு முழுக்க அந்த அறைக் காற்றைத்தான் உறிஞ்சி நீரில் கலக்கிறது. இறால்கள் தொடர்ந்து சாகின்றன, பவளங்கள் சோர்ந்து கிடக்கின்றன என்றால், தண்ணீர்ச் சோதனைப் பெட்டியைத் திறக்கும் முன் சுவரில் என்ன செருகியிருக்கிறது என்று பாருங்கள்.

சிலவற்றை விட்டுவிடலாம். சுருள் சுருளாக வெள்ளைப் புள்ளி, கண்ணாடியிலும் கட்டையிலும் ஒட்டியிருந்தால் அது ஸ்பைரார்பிட் குழாய்ப்புழு, ஒன்றும் செய்யாது. நீள்வட்டத் துளைக்குள்ளிருந்து மயிரிழை விசிறி வெளியே வந்து வந்து போனால் அது பவளக் கொட்டலசு. அக்ரோபோரா கிளைகளுக்குள் ஒளிந்திருக்கும் குட்டி நண்டு காவல்காரன், தயவுசெய்து அதைப் பிடித்து எறியாதீர்கள். வாயிலிருந்தோ உடலிலிருந்தோ வெள்ளை நூல்கள் தொங்கினால் அது புழு அல்ல, பவளத்தின் சொந்தச் செரிமான இழைகள். எதையோ எதிர்க்கிறது அல்லது எதற்கோ எரிச்சலாகிறது என்று பொருள்.

மேலே சொன்னவற்றில் பொறுத்துப் பாருங்கள் என்றேன். பொறுக்கக் கூடாதவை இரண்டு. யூஃபில்லியாவில் பழுப்பு நிறக் கூழ் தெரிந்து, முகர்ந்தால் அழுகிய நாற்றம் வந்தால் அந்தத் தலையை அன்றே வெட்டி எடுங்கள். எடுப்பதற்கு முன் பம்பை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் கூழ் பக்கத்துத் தலைகளுக்குப் பறக்கும். அக்ரோபோராவில் தசை மணிக்கணக்கில் உரிந்து கொண்டிருந்தால் உரியாத நுனிகளை ஒடித்து வேறிடத்தில் ஒட்டிக் காப்பாற்றப் பாருங்கள். வேகம்தான் இங்கே அளவுகோல். ஓரம் நாளுக்கு எவ்வளவு நகர்கிறது என்று தெரிந்தால் நோயின் பாதி தெரிந்துவிடும். அதற்குத்தான் அதே கோணத்தில், அதே நேரத்தில், தினமும் ஒரு படம்.

மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் சிப்ரோஃப்ளாக்சசின் வாங்கித் தொட்டியில் கரைப்பது இப்போது பரவி வருகிறது. இதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். ஃபுளோரிடாவில் 2014 முதல் கல் பவளங்களை வாரிக்கொண்டு போகும் தசை இழப்பு நோய்க்கு அமாக்சிசிலின் பயன்படுத்துகிறார்கள், உண்மைதான். ஆனால் முக்குளித்துப் போய், புண்ணின் ஓரத்தில் மட்டும், பசையில் குழைத்துப் பூசுகிறார்கள். எந்த இனம், எந்தப் புண் என்று பார்த்த பிறகு. கடலில் யாரும் கொட்டவில்லை. அதே ஃபுளோரிடாவில் 1996-இல் எல்க்ஹார்ன் பவளங்களில் வெள்ளைத் திட்டுகள் தென்பட்டன. காரணம் மனிதக் கழிவில் வரும் செராஷியா பாக்டீரியா என்று பின்னால் உறுதியானது. அங்கே பவளத்துக்கு மருந்து கொடுத்துத் தீர்வு இல்லை, சாக்கடையைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. வீட்டுத் தொட்டியிலும் மருந்து தேடும் முன் உள்ளே என்ன போகிறது என்று பார்ப்பதே முறை.

டிப் என்பதை மருந்தாக மட்டும் பார்க்காதீர்கள், அது பரிசோதனையும்கூட. வெள்ளைக் கிண்ணம், தொட்டி நீர், தொட்டியின் வெப்பம், புட்டியில் எழுதியிருக்கும் அளவு, எழுதியிருக்கும் நேரம். சிரிஞ்சால் எல்லாப் பக்கமும் பீய்ச்சிவிட்டு, கிண்ணத்தின் அடியில் என்ன கிடக்கிறது என்று லென்ஸில் பாருங்கள். தட்டையாக மடங்கிக் கிடந்தால் புழு. கால்கள் தெரிந்தால் பூச்சி அல்லது சிலந்தி. எதுவும் விழவில்லை, புள்ளி மட்டும் அப்படியே இருக்கிறது என்றால் பெரும்பாலும் தண்ணீர், வெளிச்சம், மீன் என்ற பக்கம் திரும்பலாம். முட்டையாக மட்டும் இருக்கலாம் என்பதால் ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை பாருங்கள். டிப் நீரைத் தொட்டிக்குள் திரும்ப ஊற்றாதீர்கள்.

ஜோவாக்களையும் பாலித்தோவாக்களையும் கையாளும்போது கையுறையும் கண்ணைக் காக்கும் கண்ணாடியும் கட்டாயம். அவற்றில் சில இனங்களில் பாலிடாக்சின் உண்டு. உலகின் மிகக் கொடிய இயற்கை நஞ்சுகளில் அது ஒன்று. 1971-இல் ஹவாய்ப் பாலித்தோவா ஒன்றிலிருந்துதான் அதைப் பிரித்தெடுத்தார்கள். இவை வளர்ந்த கல்லைக் கொதிநீரில் போடுவதும், தூரிகையால் அழுத்தித் தேய்ப்பதும் நஞ்சை ஆவியாகவும் திவலையாகவும் காற்றில் ஏற்றிவிடும். கல்லைச் சுத்தம் செய்யப் போய்க் குடும்பத்தோடு மருத்துவமனைக்குப் போனவர்கள் உண்டு. புள்ளியைச் சுரண்டிப் பார்க்கும் ஆர்வத்தில் இதை மறக்காதீர்கள். அருகில் குழந்தைகளை நிறுத்தாதீர்கள்.

கடைசியாக, எங்கிருந்து வாங்குகிறோம் என்பது. இந்தியாவில் கல் பவளம், கருப்புப் பவளம், நெருப்புப் பவளம், கடல் விசிறி எல்லாம் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் வந்துவிட்டன. நம் கடலிலிருந்து ஒரு கிளை ஒடிப்பதும் குற்றம்தான். வெளிநாட்டிலிருந்து வரும் கல் பவளத்துக்கும் சைட்டஸ் உரிமம் வேண்டும். காகிதமில்லாத பவளத்தோடு யார் எந்தப் புழுவை உங்கள் வீட்டுக்கு அனுப்பினார் என்றும் கேட்க முடியாது. வாங்கியது எதுவாக இருந்தாலும் தனித்தொட்டியில் ஒரு மாதமாவது வைத்து, முட்டை பொரியும் காலம் தாண்டிய பிறகே பெரிய தொட்டிக்குள் விடுங்கள்.

புள்ளியைத் தொட்டிக்குத் தொட்டி கொண்டுபோவது பெரும்பாலும் நாம் ஆசையாகக் கைமாற்றும் துண்டுகள். ஆகவே உங்கள் பவளத்தில் ஒரு புள்ளி இருந்து, அது என்னவென்று தெரியாத வரைக்கும், அந்தத் தொட்டியிலிருந்து ஒரு துண்டையும் விற்காதீர்கள், சும்மாவும் கொடுக்காதீர்கள். கேட்பவர் எவ்வளவு நெருக்கமானவரானாலும் “ரெண்டு மாசம் பொறுங்க, பூச்சி இருக்கான்னு பாத்துட்டுத் தர்றேன்” என்று சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
உங்களைப் போல் ஒரு தொட்டிக்காரன்